ஏறுவதற்கு மட்டும்

மூங்கிலாபுரத்துக்காரர்கள் மகா கெட்டிக்காரர்கள் என்று மூங்கிலாபுரத்துக்காரர்களே சொல்லிக்கொள்வார்கள். வேறு யாரும் சொன்னதாகத் தகவல் இல்லை.

அந்த ஊர் ஏணிப் பட்டறையில் வேலை பார்த்தவன் மாயழகு. முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. பாவம், பார்த்த இடமெல்லாம் தட்டிப்போனது. கடைசியாக ஒரு பெண் வீட்டார் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இதுவும் போனால் அவ்வளவுதான் என்று பெட்டியிலிருந்த பட்டுச் சட்டையை இப்போதே எடுத்து வைத்தான்.

அந்த வாரம்தான் டவுனிலிருந்து ஒரு அம்மா வந்து கூட்டம் போட்டுப் பேசினார். "உலகம் சூடாகிக்கிட்டே போகுது. தேவைக்கு மேல செஞ்சு குவிக்கிறோம். செய்யிறதைப் பாதியாக் குறைங்க, இருக்கிறதைப் பகிர்ந்துக்குங்க." நியாயமான பேச்சு. பட்டறைத் தலைவர் சொக்கையாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மறுநாளே பட்டறையிலிருந்த பத்து ஏணியையும் பாதி பாதியாக அறுத்தார்கள். எண்ணிப் பார்த்தால் இருபது!

"அடப்பாவிகளா, ரெண்டு மடங்காயிருச்சே!" என்று சொக்கையா தலையில் கைவைத்தார். அன்று வெயில் கொளுத்தியது. எல்லாம் தங்களால்தான் என்று நம்பி ஒருவரும் சாப்பிடவில்லை.

அவர்களில் கொஞ்சம் யோசிக்கக்கூடியவன் வெயிலுமுத்து. "அண்ணே, ஏணி எதுக்கு?" என்றான்.

"ஏற, இறங்க."

"அதுல ஒண்ணை விட்டுருவோம். ஏறுறதுக்கு மட்டும் செய்வோம். பாதியாச்சா இல்லையா?"

சொக்கையா அவனைக் கட்டிக்கொண்டார். அப்படியே ஓர் ஏணி செய்து பட்டறைச் சுவரில் சாத்தினார்கள்.

வெள்ளிக்கிழமை மாயழகு துவைத்துக் காயப்போட்டிருந்த பட்டுச் சட்டை காற்றில் பறந்து பட்டறை மாடியில் விழுந்தது. ஏணியில் ஏறினான், சட்டையைப் போட்டுக்கொண்டான், இறங்கக் காலை வைத்தான்.

"டேய், நில்லு!" என்று சொக்கையா கத்தினார். "அது ஏறுற ஏணி!"

"பொண்ணு வீட்டுக்காரங்க வர்ற நேரம்ணே!"

"உன் ஒருத்தன் கல்யாணத்துக்காக உலகத்தையே கொளுத்தச் சொல்றியா?"

மாயழகுவுக்கும் மனசாட்சி உண்டு. காலை மேலே இழுத்துக்கொண்டான். அழுகைதான் பொத்துக்கொண்டு வந்தது. "குதிச்சிரட்டுமாண்ணே?"

"குதிச்சா கால் ஒடியும். கட்டுப்போடத் துணி வேணும். துணிக்கு மில்லு ஓடணும். பேசாம இரு."

அதற்குள் பெண்ணின் அப்பா தாம்பூலத் தட்டோடு வந்துவிட்டார். அண்ணாந்து பார்த்தார். மாயழகுவுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"உயர்ந்த இடம்னு தரகர் சொன்னார். இவ்வளவு உயரம்னு சொல்லலையே!" என்று பூரித்துப்போய் விறுவிறுவென்று ஏறினார். சொக்கையாவும் வெயிலுமுத்துவும் பின்னாலேயே ஏறினார்கள். மாடியிலேயே தட்டு மாற்றிக் கல்யாணத்தை முடிவு செய்தார்கள்.

"சரி, இறங்குவமா?" என்றார் மாமனார். சொக்கையா விஷயத்தைச் சொன்னார்.

மாமனார் சிரித்தார். "இதுக்கா கவலை? அந்தம்மா எங்க ஊருக்கும் வந்தாங்க. எங்க பட்டறையில இறங்குறதுக்கு மட்டும்தான் ஏணி செய்றோம். ஒண்ணு எடுத்துட்டு வந்தா ஆச்சு."

சொல்லி முடிக்கும்முன் வெயிலுமுத்து இறங்கி ஓடினான். பொழுது சாயும் நேரத்தில் மூச்சு வாங்க ஏறி வந்தான். "பட்டறை பூட்டியிருக்கு. சாவி உங்ககிட்டயாம்."

மாமனார் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். வெயிலுமுத்து மறுபடியும் ஏணியில் காலை வைத்தான்.

மாயழகுவுக்கு மனசு பொறுக்கவில்லை. "பாத்துப் போடா," என்றான். "அது ஏறுறதுக்கு மட்டும் செஞ்சது."