ஒன்பதாவது ரேடியேற்றர்

"எட்டு மாசம் உம்மோட அலைஞ்சிட்டன். எப்ப என்னைத் தனிய வேலைக்கு விடுவீர்?"

கேட்டவர் குணநாயகம் மாஸ்டர். வயது அறுபது. கிளிநொச்சியில் இருபத்திரண்டு வருஷம் பௌதிகம் படிப்பித்தவர்.

துசியந்தி ஒரு வீட்டின் முன்னால் வேனை நிறுத்தினாள்.

அவளும் அவரிடம் படித்தவள்தான். கடைசிச் சோதனையில் பத்தொன்பது மார்க். அதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு. இப்போது லண்டனில் வீடு சூடாக்கும் குழாய்வேலை செய்கிறாள். மாஸ்டர் அவளிடம் வேலை பழகுகிறார். உலகம் உருண்டை என்று படிப்பித்தவரும் அவர்தான்.

அவள் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு. அதில் சின்னப் பித்தளைச் சாவி. சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேற்றருக்குள் அடைபட்ட காற்றை வெளியே விடுகிற சாவி. எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அவள் அதைக் கயிற்றோடு கழற்றி யாருக்குத் தருகிறாளோ, அவர்தான் தனியே வேலைக்குப் போகலாம். இதுவரை மூன்று பேர்.

வாசலில் ஒரு இளைஞன் நின்றான்.

"அக்கா, நாலு மணிக்குப் பிள்ளையை ஆஸ்பத்திரியால கொண்டு வாறம். மேல் அறை ஐஸ்பெட்டி மாதிரிக் கிடக்கு."

துசியந்தி கீழே தண்ணீர் சூடாக்கும் பொய்லரை நிறுத்தினாள். சாவியை மட்டும் கழற்றி நீட்டினாள். கயிறு கழுத்திலேயே இருந்தது.

"ஒன்பது ரேடியேற்றர். கீழ இருந்து மேல போங்கோ, மாஸ்டர்."

"காற்று மேலதானே நிக்கும்? அடர்த்தி எண்டு ஒண்டு..."

"மாஸ்டர்."

"சரி, சரி."

முதலாவதைத் திறந்தார். ஸ்ஸ்ஸ். காற்று சீறியது. தண்ணீர் துப்பியது. துணியால் பிடித்து மூடினார். இரண்டு, மூன்று... எட்டு. எல்லாம் அதேபோல.

ஒன்பதாவது, பிள்ளையின் அறை. மெல்லிசாய் ஒரு மூச்சு வந்தது. பிறகு சத்தமே இல்லை. மாஸ்டர் பத்துவரை எண்ணி மூடினார். ஓடிப்போய்ப் பொய்லரைப் போட்டார்.

"முடிஞ்சுது!"

"மேல தண்ணி வந்ததா?"

"காற்று நிண்டிட்டுது."

"தண்ணி வந்ததா?"

"சத்தம் இல்லையெண்டால் காற்று இல்லை, பிள்ளை. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

அவள் படியில் குந்தி பணிஸ் சாப்பிடத் தொடங்கினாள்.

அரை மணித்தியாலம் போனது. ஒன்பதாவது கல்லாய்க் குளிர்ந்து கிடந்தது. மற்ற எட்டும் அப்படியே. பொய்லர் தானாகவே நின்றிருந்தது.

"எல்லாம் செத்துப்போச்சு! நீர் சொன்ன முறைதான் பிழை!"

துசியந்தி பணிஸை மென்று விழுங்கினாள்.

"வகுப்பில நான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை, மாஸ்டர். ஞாபகமிருக்கா?"

"ஓம். சத்தமே இல்லாத பிள்ளை."

"எனக்கு எல்லாம் விளங்கிட்டுது எண்டு நினைச்சியள்."

மாஸ்டர் சத்தமில்லாத ஒன்பதாவதை நினைத்து மேலே பார்த்தார்.

பிறகு பொய்லரடிக்கு ஓடினார். அமுக்கம் காட்டுகிற முள் பூச்சியத்தில் கிடந்தது. காற்று போன இடத்தில் எல்லாம் தண்ணீர் போய் உட்கார்ந்துவிட்டது. எட்டு அறைக்குப் போதும். மூன்று மாடி ஏற மிச்சமில்லை; அமுக்கம் இல்லாமல் பொய்லரும் நின்றுவிட்டது.

தண்ணீர் நிரப்பும் குழாயைத் திறந்தார். முள் எழும்பியது. ஒன்று. ஒன்றரை. மூடினார். இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினார். அறுபது வயது!

சாவியைத் திருப்பினார்.

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்! பாம்பு மாதிரிச் சீறல். பிறகு ஒரு துப்பல். வெள்ளைச் சட்டை முழுக்கக் கறுப்புத் தண்ணீர். அவர் மூடவில்லை. கறுப்பு, மண்ணிறம், தெளிவு.

"வந்திட்டுது! துசி, தண்ணி வந்திட்டுது!"

தெருவுக்கே கேட்டிருக்கும். மூடிவிட்டுத் திரும்பவும் கீழே ஓடி, முள்ளைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் நிரப்பிவிட்டே பொய்லரைப் போட்டார்.

நாலு மணிக்குக் கீழே கதவு திறந்தது. குழந்தை வீட்டையே இரண்டாக்குகிற மாதிரிக் கத்தியது.

துசியந்தி மேல் அறைக்கு வந்தாள்.

"சொல்லுங்கோ, மாஸ்டர். அமுக்கம் எண்டால் என்ன?"

இருபத்திரண்டு வருஷம் சொன்ன விடை நாக்கு நுனியில் நின்றது. மாஸ்டர் அதை விழுங்கிவிட்டு, நீரே தொட்டுப் பாரும் என்பதுபோல் ரேடியேற்றருக்கு முன்னாலிருந்து விலகி நின்றார்.

அவள் அதன் மேல் விளிம்பில் கையை வைத்தாள்.

"ஆ! அம்மா!"

கையை உதறி உதறி ஊதினாள். மாஸ்டர் சாவியை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. மற்றக் கையால் கழுத்துக் கயிற்றைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.