கவலை விளக்கு

பூங்கோதை அம்மாளின் ஆசிரமத்தில் குருவுக்குச் சீடரைவிட இருபது வயது குறைவு. அதைச் சொல்லிச் சிரிக்காத ஆளே அங்கே கிடையாது. சீடர் தணிகாசலம் மட்டும் சிரிக்க மாட்டார். மணிக்கட்டைப் பார்க்கவே அவருக்குப் பொழுது சரியாக இருந்தது.

மூட்டுவாதம் அவரோடு பல வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறது. மகன் ஒரு கைப்பட்டை வாங்கி அனுப்பியிருந்தான். வலி ஏறினால் ஒரு விளக்கு சிவக்கும், கவலை ஏறினால் இன்னொன்று. சிவக்கும்போதெல்லாம் மனுஷர் எதையாவது விட்டுவிடுவார். முதலில் காலை நடையை விட்டார். தவில் தனியைக் கேட்கும்போது சிவந்தது என்று கச்சேரிக்குப் போவதையும் விட்டார்.

"இப்போ என்ன, அய்யா?" என்றார் குரு.

"லீவுக்குப் பேத்தி வரேங்கிறா, அம்மா. அவ பேரைக் கேட்டாலே கவலை விளக்கு எரியுது. வர வேண்டாம்னு சொல்லிடலாமான்னு..."

பேத்தி என்றால் அவருக்கு உயிர்.

குரு கையை நீட்டினார். "அதை எனக்கு மாட்டுங்க. தாயக்கட்டையை எடுங்க."

குருவுக்கும் அதே மூட்டுவாதம்தான். மாட்டியதுமே வலி விளக்கு சிவந்தது. அதைக் கண்டுகொள்ளாமல் கட்டையை உருட்டினார்.

ஆட்டம் சூடுபிடித்தது. தணிகாசலத்தின் கடைசிக் காய் வீடு சேர்ந்து பழமாகப் போகிற நேரம்.

"வெட்டு!" என்று கத்திக்கொண்டே குரு அதைத் தூக்கி வெளியே வைத்தார்.

கைப்பட்டை கிர்ரென்று அதிர்ந்தது. கவலை விளக்கு செக்கச்செவேலென்று எரிந்தது.

தணிகாசலம் பதறிப்போனார். காய் போனதுகூட மறந்துவிட்டது. "ஐயோ, கவலை ஏறிடுச்சு! ஆட்டத்தை விடுங்கம்மா, கொஞ்சம் படுங்க."

"கவலையா? எனக்கா?" குரு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "உங்க காயை வெட்டின சந்தோஷத்துக்கா?"

சீடர் விளக்கைப் பார்த்தார். குருவின் முகத்தைப் பார்த்தார்.

"அப்போ வலி? அதுவும் பொய்யா, அம்மா?"

"அது நிஜம்தான். நம்ம கூடவே உட்கார்ந்து ஆட்டம் பார்க்குது. பார்க்கட்டும்."

தணிகாசலம் கட்டையை உருட்டாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"பேத்திகிட்ட என்ன சொல்ல?"

குரு கைப்பட்டையைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"வரச் சொல்லுங்க. ஓடி வந்து உங்க கழுத்தைப் பிடிச்சுத் தொங்குவாளே, அந்த நேரம் பார்த்து இதை அவ கையில மாட்டிப் பாருங்க."