கடைசி வரிக்கு இரண்டு டேக்

இந்தச் சம்பவத்தை நான் பத்தொன்பது ஆண்டுகளாகச் சந்தேகித்து வருகிறேன். சொன்னவர் பொய்யர் அல்ல. பாடகர் தணிகைவேல், தனக்கே நடந்ததாகச் சொன்னது. அவருடைய குரு எட்வின் மாஸ்டர், வடபழனியில் சின்ன ஸ்டுடியோ வைத்து இசையமைத்தவர். இருவருக்கும் நான்கு வயதுதான் வித்தியாசம்.

தணிகைவேலின் அப்பாவுக்கு அன்று மதியம் இரண்டு மணிக்கு இதய ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பாவுக்காகத் தணிகைவேல் ஒரு பாட்டு எழுதிப் பாடியிருந்தார். சினிமாவுக்கு அல்ல, ஆல்பத்துக்கு. கிட்டாரும் டிரம்ஸும் வைத்த பாப் பாட்டு. ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோவதற்கு முன் அப்பா அதைக் கேட்டுவிட வேண்டும்.

பதினொன்றரை மணி. மிக்ஸிங் முடியும் இடத்தில் மாஸ்டரின் கை நின்றது.

“வேலு, கடைசி வரிக்கு ரெண்டு டேக் இருக்கு.”

“முதல் டேக்கே போதும் மாஸ்டர். ஆட்டோல முக்கால் மணி நேரம் ஆகும்.”

மாஸ்டர் முதல் டேக்கைப் போட்டார்.

‘நீ திரும்பும் வீட்டில் விளக்கெரியும் அப்பா.’

தணிகைவேல் தடுப்பதற்குள் இரண்டாவதையும் போட்டார்.

‘நீ இல்லாத வீட்டில் விளக்கெரியும் அப்பா.’

ஒரு வரியில் சந்தேகம் இருந்தால் இரண்டு விதமாகவும் பாடி வைத்துவிட்டு மிக்ஸிங்கில் ஒன்றை எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். அதில் யாரும் தப்புக் காண்பதில்லை.

“இது எப்பப் பாடினது?”

“செவ்வாய்க்கிழமை. நீங்க டீ குடிக்கப் போனப்ப.”

“எதுக்கு?”

“பத்தாம் தேதி ஆல்பம் கம்பெனிக்குப் பாட்டைக் கொடுக்கணும். ஒருவேளை அப்படி ஏதாவது ஆயிட்டா, அதுக்கப்புறம் எனக்குக் குரல் வராது மாஸ்டர்.”

“அதனால அட்வான்ஸா அழுது வெச்சுட்ட.”

தணிகைவேல் தலை குனிந்துகொண்டார்.

“அழிச்சிடுங்க மாஸ்டர்.”

“பாடினது நீ. நீ அழி.”

மாஸ்டர் எழுந்து நாற்காலியை அவரிடம் விட்டார். வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்தபோது தணிகைவேல் மவுஸின் மேல் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். திரையில் இரண்டு டேக்கும் இருந்தன.

“மணி பன்னிரண்டு ஆகப் போகுது வேலு.”

“முடியல மாஸ்டர்.” பிறகு கேட்டார். “உயிரோட இருக்கிற அப்பாவுக்கு இப்படிப் பாடினவன்லாம் ஒரு பிள்ளையா?”

மாஸ்டர் குனிந்து, இரண்டு டேக்கையும் ம்யூட் செய்தார். பாட்டை அப்படியே சிடியில் ஏற்றினார். ஒரு தடவை ஓட்டிக் காட்டினார். கடைசி வரி வரவேண்டிய இடத்தில் கிட்டார் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

“மாஸ்டர், அங்க குரலே இல்ல.”

“அங்க நீ பாடு. அவர் பக்கத்துல நின்னு பாடு.”

“எந்த வரிய?”

“அவர் கண்ணைப் பார்த்துக்கிட்டு எதைப் பாட முடியுதோ, அத.”

தணிகைவேல் ஓடினார். ஒன்று இருபதுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தார். அப்பாவை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். சிடி பிளேயரின் இயர்போனில் ஒன்றை அப்பா காதிலும் ஒன்றைத் தன் காதிலும் வைத்துக்கொண்டார். கடைசி வரி வந்தது. முதல் டேக்கில் இருந்த வரியைப் பாடினார். அவருக்குக் குரல் உடைந்தது, சுருதியும் விலகியது.

“ஏன்டா, இதுக்கா நாலு நாளா வீட்டுக்கு வரல?” என்றார் அப்பா. நர்ஸ் சிரித்துவிட்டாள்.

அப்பா பிழைத்தார். அதற்குப் பிறகு ஏழு ஆண்டுகள் இருந்தார்.

மேடையில் அந்தப் பாட்டைப் பாடும்போதெல்லாம் தணிகைவேல் இதைச் சொல்வார். கூட்டம் மாஸ்டருக்காகக் கைதட்டும். நானும் தட்டியிருக்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தால் அந்த இருபது நிமிடம் உறுத்தும். ஒரு பொத்தான். அவ்வளவு வெறுத்த ஒன்றை அழிக்க ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? நானாக இருந்தால் அழித்திருப்பேனா என்றும் யோசிப்பேன்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு நானும் தணிகைவேலும் கைகழுவிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

“தப்பா நினைக்காதீங்க வேலு. அந்த ரெண்டு டேக்ல, எது நல்லா வந்திருந்துச்சு?”