சூசையின் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டது யார்

சிரிக்க வைக்கிறேன், ஆனால் இப்போதே இல்லை. முதலில் கொஞ்சம் பயப்படுங்கள்.

துப்பாக்கியைத் தொட்டு இருபது வருடமான கமாண்டன்ட் ரத்தினவேல் மீசைக்குள்ளிருந்து முழங்கினார்: "புது ரைஃபிளைத் துடைக்கவே வேண்டாம்னு எழுதிக் குடு, ஏட்டம்மா."

ஆயுதக் கிடங்கு ஏட்டு சலேத்மேரி மறுத்தாள். "ஐயா, புதுசு இறுக்கம், தினம் துடைக்கலைன்னா சிக்கிக்கும். நம்பி எடுத்துட்டுப் போறவங்க செத்துருவாங்க. பழசு தளர்வு, தூசியைத் தாங்கும்."

"ரெண்டையும் துடைக்காம ஒரு மாசம் பூட்டி வைப்போம். தோத்தா நீ வேலையை விட்டுப் போகணும்."

சலேத்மேரி இரண்டையும் சாக்கில் சுற்றி, எது எதுவென்று எழுதிய சீட்டைக் கட்டிப் புழுதி அறையில் வைத்தாள். சாவியை அவரே வைத்துக்கொண்டார். பழசு, செத்துப்போன காவலர் சூசை வைத்திருந்தது.

ஞாயிறுதோறும் பூட்டிய அறைக்குள் யாரோ துணியால் தேய்க்கும் சத்தம் கேட்டது. "சூசை வர்றாரு, ஐயா," என்றாள். அவர் இருமினார்.

மாதம் முடிந்ததும் சலேத்மேரி இரண்டையும் சாக்கிலிருந்து உருவினாள். பழசு தடையில்லாமல் சுட்டது. அதன்மேல் ஈர எண்ணெய் மின்னியது. புதுசு முதல் குண்டிலேயே சிக்கியது. வேடிக்கை பார்க்கக் கூடிய காவலர்கள் பயந்து பின்வாங்கினார்கள்.

"சூசைதான்," என்றாள் மெல்ல.

"எந்தச் சூசை? சீட்டைப் பார்த்துப் புதுசுக்கு நான்தானே எண்ணெய்..."

அவர் வாய் பாதியில் நின்றது. பழசை உருவிய சாக்கில், 'புதுசு' என்ற சீட்டு மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.