கயிறு கையில் இருக்கும்போது

சங்கு குளிக்க இறங்குகிறவன் தன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை யாரிடம் கொடுப்பான் தெரியுமா? மனைவியின் உடன்பிறந்தவனிடம்தான். சொந்த அண்ணன்கூட ஒரு நாள் பங்கு பாகம் என்று மனம் மாறலாம், மைத்துனன் தன் அக்காளை விதவையாக்க மாட்டான் என்பது அந்தக் கடற்கரையின் கணக்கு. கொஞ்சம் கசப்பான கணக்குதான், என்ன செய்ய. இதை மறந்துவிடாமல் மேலே கேளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்தக் கரையில் குருசு என்பவர் ஒரு படகுக்குத் தண்டல், அதாவது படகுத் தலைவர். ஒருவனிடம் பேசுவதுபோல் இன்னொருவனிடம் பேசமாட்டார். அதட்டினால் வேலை செய்கிறவனை அதட்டுவார், தட்டிக்கொடுத்தால் செய்கிறவனைத் தட்டிக்கொடுப்பார். “ஆளுக்கொரு நாக்கு வச்சிருக்கான்” என்று கேலி பேசினான் பக்கத்துப் படகின் தண்டல் பவுலு. அவன் படகில் எல்லாருக்கும் ஒரே குரல், ஒரே வசவு. அதில் அவனுக்குப் பெருமை வேறு.

குருசுவின் படகில் கடலுக்குள் இறங்குகிறவன் சிலுவை. கயிறு பிடிப்பவன் அவன் மனைவி பிரகாசியின் தம்பி காஸ்பர். சிலுவையின் தகப்பன் இறந்தபோது அவன் தூரத்துத் தீவில் சங்கெடுத்துக்கொண்டிருந்தான். தொழில் கெட்டுவிடும் என்று அப்போதைய தண்டல் சொல்லாமல் இருந்துவிட்டார். ஊருக்குத் திரும்பியவன் பார்த்தது மண்மேட்டைத்தான். அதனால் குருசுவிடம் சேரும்போதே கேட்டுவிட்டான்: “நல்லதோ கெட்டதோ, என் முகத்தைப் பார்த்துச் சொல்லிடணும் அண்ணே. மறைச்சா அன்னைக்கே வேற படகு பாத்துக்குவேன்.” குருசு வாக்குக் கொடுத்தார்.

காஸ்பர் வேறு மாதிரி. ஒரு சாயங்காலம் தனியாக வந்து நின்றான். “கயிறு என் கையில இருக்கும்போது மட்டும் கெட்ட சேதி எதுவும் சொல்லிடாதீங்கண்ணே. எனக்குக் கை விட்டுப்போகும். கீழ அத்தான் இருப்பாரு.” அவனுக்கும் வாக்குக் கொடுத்தார். இரண்டு வாக்கும் ஒரு நாள் நேருக்கு நேர் வந்து நிற்கும் என்று அவர் நினைக்கவில்லை. யார்தான் நினைப்பார்கள்?

பிரகாசிக்கு மாதம் நிறைந்திருந்த சமயம். சிலுவை கீழே போயிருந்தான். காஸ்பர் முன்பக்கம் கயிற்றில் கண்ணாக நின்றான். கரையிலிருந்து பவுலுவின் படகு வேகமாக வந்தது. பவுலு கத்த வாயெடுத்ததைக் கண்டதும் குருசு கையசைத்து நிறுத்தி, பின்பக்கமாக அணையச் சொன்னார். பவுலு குனிந்து சொன்னான்: “பிரகாசி போயிட்டா. பிரசவத்துல. ஆம்பிளப் பிள்ளை, பிழைச்சிருக்கு.”

குருசு பிரகாசிக்கு ஞானத்தகப்பன், ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தியவர்.

“காஸ்பரைக் கூப்பிட்டுச் சொல்லிடவா?” என்றான் பவுலு. குருசு அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குள் கயிறு அசைந்தது. காஸ்பர் இழுத்தான். சிலுவையின் தலை தண்ணீருக்கு மேலே வந்தது. படகின் விளிம்பைப் பிடித்து மூச்சு வாங்கியவன் பக்கத்தில் நின்ற படகைப் பார்த்தான். “பவுலு எதுக்கு வந்திருக்கான்?”

கயிறு இன்னும் காஸ்பர் கையில். பதில் சொன்னால் ஒரு வாக்கு போகும், சொல்லாவிட்டால் மற்றது போகும். சும்மா வந்தான் என்று மழுப்பினால் சிலுவை அடுத்த மூச்சுக்கு முங்கிவிடுவான்.

குருசு சிலுவையின் முகத்தை நேராகப் பார்த்தார். “சேதி இருக்கு. நல்ல சேதி இல்ல. ஏறி வா, சொல்றேன்.”

தானே கைகொடுத்து அவனைத் தூக்கினார். அவன் இடுப்பு முடிச்சை அவிழ்த்தார். பிறகு காஸ்பர் கையிலிருந்து கயிற்றை வாங்கிக் கீழே போட்டுவிட்டு, அந்தக் கையை விடாமல் பிடித்தபடி சொன்னார்: “பிரகாசி போயிட்டா. ஆம்பிளப் பிள்ளை, நல்லா இருக்கு.” காஸ்பர் அவர் தோளில் சாய்ந்து அழுதான். சிலுவை போய்த் துடுப்பை எடுத்தான்.

அடக்கம் முடிந்தபின் மனத்தாங்கல் வெளியே வந்தது. “கேட்ட உடனே சொல்லல. தண்ணியில கெடந்த அத்தனை நேரமும் என்கிட்ட மறைச்சாரு” என்றான் சிலுவை. “நல்ல சேதி இல்லன்னு அவரு சொன்னப்போ கயிறு என் கையிலதான் இருந்துச்சு” என்றான் காஸ்பர். பவுலு சும்மா இருப்பானா? “ஆளுக்கொரு வாக்கு கொடுத்தா இப்படித்தான். வந்ததும் எல்லாருக்கும் கேக்கிற மாதிரி ஒரே குரல்ல சொல்லியிருந்தா யாருக்கும் குறையில்ல” என்றான். குருசு தன் பக்கம் பேசவே இல்லை. “ரெண்டு பேரு சொல்றதும் நெசந்தான்” என்று மட்டும் சொன்னார்.

ஆகவே, கேட்டுக்கொண்டிருக்கும் நீங்கள் தீர்த்துவையுங்கள். வாக்குத் தவறினார் என்று இருவரும் குருசுவைக் குறை சொல்வது நியாயமா? ஒரே குரல் போதும் என்று பவுலு சொன்னது சரியா? இல்லை, குருசு செய்ததுதான் சரியா?

விடை: சொன்ன சொல்லை வைத்து அளந்தால் குருசு இருவரிடமும் கொஞ்சம் தவறியவர்தான். ஆனால் அந்த இருவரும் எதற்குப் பயந்து வாக்குக் கேட்டார்கள்? எல்லாம் முடிந்தபின் ஒன்றும் தெரியாதவனாக வந்து நிற்கக் கூடாது என்பது சிலுவையின் பயம். அத்தான் உயிர் தன் கையால் போய்விடக் கூடாது என்பது காஸ்பரின் பயம். இரண்டும் நடக்கவில்லை. பவுலுவின் ஒரே குரல் சொல்கிறவனுக்குச் சௌகரியம், அவ்வளவுதான். சிலுவை கீழே இருக்கையில் அந்தக் குரல் எழுந்திருந்தால் அன்று இரண்டு குழி வெட்டியிருப்பார்கள். இதைச் சிலுவையும் மெல்லத்தான் உணர்ந்தான். மறுபடி கடலுக்குப் போன அன்று அவன் வேறு படகைத் தேடவில்லை. குருசுவின் படகில் ஏறி, இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் காஸ்பரிடம் நீட்டினான். விதவையாக இனி அக்காள் இல்லை, கடற்கரைக் கணக்குப்படி அவனைக் காப்பாற்றக் காஸ்பருக்கு ஒரு காரணமும் இல்லை. “பிடி மாப்ள” என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினான்.