சிவப்புக் கம்பி

"இந்தக் கம்பியை வெட்டித் தொலைங்க, அம்மிணி!"

பொங்கியண்ணன் பட்டறைக்குள் வந்ததும் சொன்ன முதல் வார்த்தை அதுதான். உட்காரவில்லை.

கோகிலவாணி கத்திக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"எந்தக் கம்பி?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காதீங்க. சிப்பர் மெஷினோட வாய்க்கு முன்னால இடுப்பு உசரத்துல குறுக்கே நிக்குதே, சிவப்புக் கம்பி. அது."

தென்னை மட்டை, வேப்பங்கிளை, எதைப் போட்டாலும் இழுத்து அரைத்துத் தூளாகத் துப்புகிற மெஷின் அது. மட்டையை உள்ளே இழுக்க இரண்டு உருளைகள். அந்த உருளைகளை நிறுத்தத்தான் சிவப்புக் கம்பி. கை மாட்டினாலும், துணி மாட்டினாலும், இடுப்பால் ஓர் இடி இடித்தால் போதும். உருளை நின்றுவிடும்.

இதையெல்லாம் பொங்கியண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்ததே கோகிலவாணிதான். அந்தப் பக்கத்தில் யார் சிப்பர் வாங்கினாலும் அவளிடம் ஐந்து நாள் பாடம் படிக்க வேண்டும். அவளுக்கு வயது முப்பத்திரண்டு. பொங்கியண்ணனுக்கு ஐம்பத்தெட்டு. நோட்டுப் புத்தகமும் மூக்குக் கண்ணாடியுமாக முன்வரிசையில் உட்கார்ந்து படித்தவர். ஊரே அவளை வாத்தியாரம்மா என்றது. கோபம் வந்தால் மட்டும் இவருக்கு அவள் அம்மிணி.

"கம்பி என்ன பண்ணுச்சு?"

"நிறுத்துது! ஒரு நாளைக்கு நாப்பது தடவை. கட்டிலைப் போட்டு உக்காந்து எண்ணினேன். மெஷினாங்க அது? அடம்புடிக்கிற எருமை. ஊர்ல இருக்கறவன் மெஷினெல்லாம் விடாம ஓடுது, என் மெஷின் மட்டும் நின்னு நின்னு மூச்சு வாங்குது. நம்பி ஒரு வேலை தொட முடியுதா?"

"நீங்க எண்ணினீங்க. மட்டை போட்டது யாரு?"

"மயிலாத்தா. வேலைக்கு வர்றவ. அவதான் இடுப்பால இடிச்சு இடிச்சு நிறுத்தறா."

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். மட்டையில ஒட்டியிருக்கற பன்னாடை நார் கையைச் சுத்துதுங்கறா. சும்மா நிக்கறதுக்கு ஒரு சாக்கு. அந்த மெஷினும் அவளும் கூட்டு!"

கோகிலவாணி கத்தியைத் திருப்பி மறுபக்கம் பிடித்தாள்.

"கயிறு போட்டுக் கம்பியைக் கட்டினேன்" என்றார் அவர். "இடிச்சாலும் அசையாதபடி இறுக்கி. முந்தாநாள் மத்தியானத்துக்குள்ள அறுந்து போச்சு. நேத்து புதுக் கயிறு. அதுவும் அறுந்து போச்சு. எல்லாம் எலி வேலை."

"நைலான் கயிறையா?"

"என் தோட்டத்து எலி கடிக்கும்!"

"இப்பக் கட்டியிருக்குதா?"

"இல்லை" என்றார் பொங்கியண்ணன்.

பொய்.

காலையில்தான் மாடு கட்டுகிற கயிற்றை இரட்டையாகப் போட்டுக் கட்டியிருந்தார். மாடே இழுத்தாலும் அவிழாத முடிச்சு. "நான் வர்றவரைக்கும் மெஷின் நிக்கக் கூடாது" என்று மயிலாத்தாவிடம் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்திருந்தார்.

"கயிறெல்லாம் சரிப்படாது. கேஸ் கட்டர் வெச்சு அடியோட வெட்டி விட்டுருங்க. இன்னைக்கே."

சாணைக்கல் நின்றது.

"சரி, வெட்டித் தர்றேன்."

சண்டைக்கு வந்தவருக்குச் சட்டென்று வாய் அடைத்துப் போனது. மறுபடி திறந்துகொண்டது.

"அப்புறம் இவ்வளவு நேரம் எதுக்குக் கேள்வி மேல கேள்வி?"

"இன்னும் ஒண்ணு இருக்கு. உங்களுது மாதிரியே இன்னொரு மெஷின். அதுல கம்பியை வெட்டியாச்சு. பழனியப்பன் தோட்டம். உங்களுக்குப் போற வழிதான். மெஷின் எப்படின்னு அங்க கேளுங்க. வெட்டுன்னு அவங்க சொன்னா வாங்க. கேஸைப் பத்த வெச்சுக்கிட்டு நிக்கறேன்."

"அதை வெட்டினது யாரு?"

"நான்தான்."

"அப்படிப் போடுங்க! அவனுக்குன்னா வெட்டுவீங்க. எனக்குன்னா ஊர் சுத்த விடுவீங்களா? என் நெத்தியில இளிச்சவாயன்னு எழுதியிருக்குதா?"

"கேட்டுட்டு வாங்க."

"அஞ்சு நாள் பாடத்துலயும் இதேதான். ஒரு கேள்விக்காச்சும் நேரா பதில் சொல்லியிருக்கீங்களா நீங்க?"

கோகிலவாணி கத்தியைக் கல்லில் வைத்தாள். பொறி பறந்தது. அதற்கு மேல் என்ன கத்தினாலும் அவள் காதில் விழப்போவதில்லை.

பொங்கியண்ணன் போகும்போது வாசலில் கிடந்த காலி டின்னை ஓர் உதை விட்டுவிட்டுப் போனார்.

*

பழனியப்பன் தோட்டத்துக் கொட்டகையில் மெஷின் நின்றது. நேற்று வாங்கியது போல் இருந்தது. தூசி இல்லை, துரு இல்லை. கம்பி இருக்க வேண்டிய இடத்தில் வெட்டிய தடம் மட்டும் இரண்டு பக்கமும்.

பார்த்ததும் பொங்கியண்ணனுக்கு வயிறு எரிந்தது.

பழனியப்பன் பெண்டாட்டி வேலாத்தா முறத்தை மடியில் வைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாத்தியாரம்மா அனுப்பிச்சாளா?"

"ஆமாங்க."

"கம்பியை வெட்டணுமாக்கும்?"

"ஆமாங்க. எப்படித் தெரியும்?"

"போன மாசம் ஒருத்தர் வந்தார். தைப்பொங்கலுக்கு முன்னாடி ரெண்டு பேர். ஏன், அவளுக்கு வாய் இல்லையா? ஒவ்வொருத்தனுக்கும் நானே சொல்லணுமா? நான் என்ன இதுக்குச் சம்பளம் வாங்கறனா?"

இவருக்கும் சுருக்கென்றது.

"மெஷின் எப்படின்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். அதுக்கு எதுக்குங்க இவ்வளவு கோபம்?"

"மெஷினா? அருமையான மெஷின். நாலு வருஷத்துல ஒரு நட்டுக் கழண்டதில்லை. பெல்ட்டு வாங்கினப்போ இருந்ததேதான். கத்தி ஒரே ஒருக்கா மாத்தினோம். பச்சை மட்டை, காஞ்ச மட்டை, எதைக் குடுத்தாலும் தின்னுச்சு."

"நிக்குமா?"

"மொதல்ல நின்னு நின்னு உசிரை வாங்குச்சு. இவருக்கு ஆங்காரம் வந்து, வாத்தியாரம்மாகிட்ட சண்டை போட்டு, கம்பியை வெட்டினோம். அதுக்கப்புறம் ஒருக்காகூட நிக்கலை."

பொங்கியண்ணன் தொடையில் தட்டினார்.

"அதைத்தானுங்க நானும் தொண்டை கிழியக் கத்தறேன்!"

"அன்னைக்கும் நிக்கலை" என்றாள் வேலாத்தா.

கடலையை உடைத்தாள். பருப்பை முறத்தில் போட்டாள். தோலைக் கீழே எறிந்தாள்.

உள்ளேயிருந்து பழனியப்பன் வந்தார். இடது கையில் ஒரு டம்ளர் மோர். வலது பக்கம் சட்டைக் கை, தோளிலிருந்து கொஞ்சம் கீழே முடிச்சுப் போட்டிருந்தது.

"குடிங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

பொங்கியண்ணன் டம்ளரை வாங்கவில்லை. கை வரவில்லை.

"நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றாள் வேலாத்தா. "கத்தினேன். மெஷினுக்குக் காதா இருக்குது? இடிக்கலாம்னு பாஞ்சேன். எதை இடிக்கறது? காத்தைத்தான் இடிச்சேன்."

"விடு வேலாத்தா" என்றார் பழனியப்பன்.

"எதை விடச் சொல்றீங்க? வெள்ளிக்கிழமை தவறாம வர்றா அவ. மெஷினைத் துடைக்கறா, எண்ணெய் போடறா. அவ போறவரைக்கும் நான் திட்டறேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசறதில்லை. அதுக்கும் சேத்து ஆத்திரம் வருது எனக்கு. இதை வித்துத் தொலைக்கலாம்னா இவரு விட மாட்டேங்கறார்."

"வாங்கறவன் கம்பி போட்டுக்க மாட்டான்" என்றார் பழனியப்பன், மெதுவாக.

பொங்கியண்ணன் வண்டியை நோக்கித் திரும்பினார்.

"ஏனுங்க, உங்க மெஷின்ல கம்பி இன்னும் இருக்குதல்ல?" வேலாத்தா கேட்டாள்.

"இருக்குதுங்க."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?"

"கட்டி வெச்சிருக்கேன்."

"யாரு ஓட்டறா?"

அவர் தன் தோட்டம் இருந்த திசையைப் பார்த்தார். வேலாத்தா எழுந்த வேகத்தில் மடியிலிருந்த முறம் கவிழ்ந்தது.

"அட பாவி மனுசா! இங்க நின்னு என் வாயைப் பாத்துக்கிட்டிருக்கறயே! போய்யா! போ!"

*

மயிலாத்தாவிடம் போன் கிடையாது. அவர் வீட்டில் இருந்தவர்களும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள்.

வாய்க்கால் மதகு தாண்டியதும் மெஷின் சத்தம் கேட்டது. விட்டு விட்டு இல்லை. ஒரே சீராக, மட்டையை அரைக்கிற சத்தம். மூன்று மாதமாக இந்தச் சத்தத்துக்குத்தான் அவர் ஆசைப்பட்டார்.

"நில்லு" என்றார் வாய்விட்டு.

நிற்கவில்லை.

"நில்லு, சனியனே!"

கயிறு அறுந்திருக்காதா என்று நினைத்தார். இரட்டைக் கயிறு. முடிச்சை நினைத்தார். அதைப் போட்ட தன் கையை நினைத்தார். எதிரே வந்த பால் வண்டிக்காரன் ஏதோ கேட்டான். அவனையும் திட்டினார். எலியே, எலியே என்றுகூடச் சொன்னார்.

களத்துக்குத் திரும்பும் முக்கில் அரைக்கிற சத்தம் நின்றது.

எஞ்சின் ஓடியது. உருளை மட்டும் நின்றிருந்தது. நாற்பது தடவை எண்ணின காதுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

கம்பியைக் கட்டியிருக்கிறது. இடித்தாலும் அசையாது. அப்படியென்றால் எது நிறுத்தியது?

வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். வேட்டி தடுக்கியது. விழுந்தார். எழுந்து ஓடினார். மட்டைக் குவியலைச் சுற்றி வந்தார்.

மயிலாத்தா நின்றுகொண்டிருந்தாள். இடுப்பு கம்பியின் மேல் சாய்ந்திருந்தது. மணிக்கட்டைச் சுற்றியிருந்த பன்னாடையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். காலடியில் அருவாள். அதன் பக்கத்தில் மாட்டுக் கயிறு, இரண்டு துண்டாக.

அவரைப் பார்த்ததும் அருவாளைக் கையில் எடுத்துக்கொண்டாள். முகவாயைத் தூக்கினாள்.

"ஆமாங்க, நிறுத்தினேன். திட்டறதுன்னா இப்பவே திட்டிப் போடுங்க."

அவருக்கு மூச்சு வாங்கியது.

"மூணு நாளா எலி எலின்னு குதிச்சீங்களே, நான்தான் அந்த எலி. நீங்க வண்டியை எடுத்துட்டு அந்தப் பக்கம் போனதும் நான் இந்தப் பக்கம் அறுத்துட்டேன். நாளைக்கு இரும்புச் சங்கிலி போட்டாலும் அறுப்பேன். வேண்டாம்னா சொல்லுங்க, போயிடறேன். வேற தோட்டம் இல்லாமயா போச்சு? போறதுக்கு முன்னாடி இந்த மட்டையை உங்க கையில குடுத்துட்டுப் போறேன். நீங்க நின்னு போடுங்க. நான் கட்டில்ல உக்காந்து எண்ணறேன்!"

பொங்கியண்ணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

"இன்னொரு கை எங்க?"

"ஏனுங்க, வெயில் ஏறிப் போச்சா? இதா இருக்குது."

"ரெண்டையும் காட்டு."

"எதுக்கு?"

"காட்டு மயிலாத்தா."

அருவாளைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். பன்னாடை சுற்றிய இடம் சிவந்திருந்தது. அவ்வளவுதான்.

அவர் மட்டைக் குவியலின் மேல் உட்கார்ந்தார்.

"நான் நிக்கறதா, போறதா? ஒண்ணு சொல்லுங்க."

"ஒரு மட்டையைப் போடு."

கம்பியைப் பழைய இடத்துக்கு இழுத்துவிட்டாள். உருளை சுற்றியது. மட்டையைப் போட்டாள். மெஷின் இழுத்தது.

"நிறுத்து."

இடுப்பால் இடித்தாள். நின்றது.

"இன்னொரு தடவை."

"என்னங்க, கேலியா?"

"இல்லை மயிலாத்தா."

அவள் அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். இன்னொரு மட்டையைப் போட்டாள். இடித்தாள்.

நின்றது.

"இன்னொரு தடவை" என்றார்.