நிறம் பெறாத வரி

"மாசிலாமணியை இன்றே வெளியே அனுப்பிவிடுங்கள், அம்மா" என்றார் வேதாசலம்.

குரு மங்களவதி கண்ணைத் திறந்தார்.

தீராத நோயாளிகளைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் மலையடி ஆசிரமம் அது. வேதாசலம், அரசு அலுவலகக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றபின் வந்து சேர்ந்த சீடர். வயதில் குருவுக்கு மூத்தவர்.

"மாசிலாமணி என்ன செய்தார்?"

"எழுதியதைப் படிக்கவில்லை. பொன்னுரங்கம் ஐயாவுக்கு நேற்று மூன்று மணிக்கு மருந்தைக் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டார். மாலையில் அவருடைய மகள் வந்தாள். அவர் விழிக்கவே இல்லை. விடியலில் போய்விட்டார்."

"கொடுக்க வேண்டாம் என்று எழுதியிருந்ததா?"

வேதாசலம் தாம் எழுதி வைத்திருந்த நோயாளியின் குறிப்புத் தாளை நீட்டினார்.

மருந்து வேளைகள் சிவப்பில் இருந்தன. ஆகாத உணவுகளின்மேல் மஞ்சள். அழைக்க வேண்டிய எண்களின்மேல் பச்சை. எல்லாவற்றுக்கும் கீழே, பொடி எழுத்தில், கறுப்பு மையில் ஒரு வரி:

'மகள் வரட்டும். அதுவரை வலியைப் பொறுத்துக்கொள்கிறேன். தூங்க வைக்காதீர்கள்.'

குரு மாசிலாமணியை அழைத்தார். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் அந்த ஊழியர் அழுத முகத்தோடு வந்து நின்றார்.

"என்ன படித்தீர்கள்?"

"மூணு மணி மருந்து, தவறக் கூடாதுன்னு செவப்புல இருந்துச்சும்மா. கரெக்டா குடுத்தேன்."

"கறுப்பில் இருந்ததை?"

மாசிலாமணி வேதாசலத்தைப் பார்த்தார்.

"ஆள் மாறும்போது கலர் அடிச்சத மட்டும் வாய்விட்டுப் படிச்சாப் போதும், நேரம் மிச்சம்னு ஐயாதானேம்மா ஏற்பாடு பண்ணினாரு? நாங்க அவருக்கு வச்ச பேரே கலர் ஐயா..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வேதாசலம் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் பேனாவை எடுத்தார்.

"இனி இப்படி நேராது, அம்மா. இதுபோன்ற வரிகளுக்கும் நிறம் தீட்டிவிடுகிறேன்."

"தீட்டுங்கள்."

மூடியைத் திறந்து, கறுப்பு வரிக்கு நேரே பேனாவைக் கொண்டுபோனார்.

"யார் படிப்பதற்கு?" என்றார் குரு.

பேனா தாளைத் தொடவில்லை.

தாழ்வாரத்தின் கோடியில் யாரோ இருமினார்கள்.

"மாசிலாமணியை அனுப்புவதைப் பிறகு பார்க்கலாம்" என்றார் குரு. "அந்தப் பெண் காலையிலிருந்து எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பதில் உங்கள் கையில் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுங்கள்."

"நீங்களே சொல்லிவிடுங்களேன், அம்மா."

குரு கண்ணை மூடிக்கொண்டார்.

வெள்ளைத் துணி போர்த்திய உடலருகே பூங்கோதை உட்கார்ந்திருந்தாள். தகப்பனுக்கென்று வாங்கி வந்த சாத்துக்குடிப் பை, முடிச்சு அவிழ்க்கப்படாமல் அவள் காலடியில் கிடந்தது.

வேதாசலத்தைக் கண்டதும் எழுந்தாள்.

"நீங்கதான் தெனமும் அப்பாகிட்டப் பேசி எழுதி வைப்பீங்களாமே, ஐயா? சண்டை போட்டுட்டுப் போனவ, நாலு வருஷம் கழிச்சு இப்பத்தான் வந்தேன். கோவத்தோடயே போயிட்டாரா? எனக்குன்னு எதாவது சொன்னாரா?"

வேதாசலம் தாளைக் கொடுத்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலிருந்து படித்தாள். சிவப்பில் விரல் நின்றது. மஞ்சளில் நின்றது. பச்சையில் தன் தொலைபேசி எண்ணைக் கண்டு சற்றுக் கூடுதலாக நின்றது.

பிறகு தாளைத் திருப்பி நீட்டினாள்.

வேதாசலம் வாங்கிக்கொள்ளவில்லை.

"இதுல அப்பா ஒண்ணுமே சொல்லலையே, ஐயா" என்றாள்.